களிகூர்தல்: ஒரு போர்க்காலக் கவிஞரும் ஒரு சிறைக்கூடமும்

களி என்னும் சொல்லைத் தமிழ் சற்று ஐயத்தோடேயே பயன்படுத்தி வந்திருக்கிறது. கள்ளுண்டு அறிவு மயங்கியவனைச் சுட்ட வள்ளுவர் ‘களித்தான்’ என்றே சொல்கிறார். களிறு என்ற சொல்லையும் இதனோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. தன்னிலை இழத்தல், கரை உடைத்தல் ஆகிய சாயல்கள் அச்சொல்லில் எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. விவிலியத்தைத் தமிழாக்கியவர்கள் கிறிஸ்தவ ஆனந்தத்தைச் சொல்ல முற்பட்டபோது ‘களிகூர்தல்’ என்ற பழைய தொடரைத் தயக்கமின்றி எடுத்துக்கொண்டார்கள். அத்தேர்வு பொருத்தமானதே என்று எனக்குத் தோன்றுவதுண்டு. பெந்தெகொஸ்தே நாளில் சீடர்கள் பரவசத்தோடு பேசியபோது, இவர்கள் குடித்திருக்கிறார்கள் என்று பக்கத்திலிருந்தவர்கள் பரிகசித்ததாகத்தானே அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகிறது!

ஆனால் மது மயக்கத்துக்கும் இந்த ஆனந்தத்துக்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. மயக்கம் துன்பத்தை மறக்கச் செய்கிறது. கிறிஸ்தவ மரபின் மிகச் சிறந்த மகிழ்ச்சிப் பக்கங்களோ துன்பத்தின் நடுவிலிருந்து, அதை நன்றாக அறிந்தவர்களால் எழுதப்பட்டவை. பவுல் பிலிப்பி நகரத்துச் சபைக்கு எழுதிய நிருபம் நான்கே அதிகாரங்கள் கொண்டது. மகிழுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லும் அந்த நிருபத்தை எழுதியபோது அவர் விலங்கிடப்பட்ட கைதி. தண்டனை மரணமாகவும் இருக்கலாம் என்பதை அறிந்தே எழுதுகிறார். அதற்கு முன்பு அதே பிலிப்பியில் அவரும் சீலாவும் அடிபட்டுச் சிறையில் கிடந்த இரவில் நள்ளிரவில் பாடினார்கள் என்றும், மற்றக் கைதிகள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்றும் ஒரு செய்தி வருகிறது.

இத்தகைய மகிழ்ச்சியை நம்புவது எளிதன்று. துன்பத்தில் இருப்பவனைப் பார்த்து மகிழ்ந்திரு என்று சொல்வது கொடுமையாகவும் ஆகலாம், ஏமாற்றாகவும் ஆகலாம். சமயம் அந்த இரண்டையும் செய்ததற்கு வரலாற்றில் சான்றுகள் உண்டு. அப்படியிருக்க, உண்மையான களிகூர்தலை எப்படி இனங்காண்பது? இக்கேள்வியோடு ஜெர்மானிய வரலாற்றில் முந்நூறு ஆண்டு இடைவெளியில் வாழ்ந்த இரண்டு மனிதர்களை அருகருகே வைத்துப் பார்க்க விரும்புகிறேன். ஒருவர் பவுல் கெர்ஹார்ட் என்ற பாடலாசிரியர். மற்றவர் டீட்ரிஷ் போன்ஹோஃபர் என்ற இறையியலாளர்.

* * *

பவுல் கெர்ஹார்ட் 1607இல் சாக்சனிப் பகுதியின் கிரேஃபென்ஹைனிஷென் என்ற சிற்றூரில் பிறந்தார். பதினான்கு வயதுக்குள் தந்தை, தாய் இருவரையும் இழந்தார். அவருக்குப் பதினொரு வயதாயிருந்தபோது, 1618இல், முப்பதாண்டுப் போர் தொடங்கியது. அது முடிந்த 1648இல் அவருக்கு வயது நாற்பத்தொன்று. ஒரு மனிதன் கற்பதற்கும் காதலிப்பதற்கும் தொழில் அமைத்துக்கொள்வதற்கும் உரிய ஆண்டுகள் முழுவதையும் அந்தப் போர் தின்றுவிட்டது. 1637இல் சுவீடன் படைகள் அவருடைய பிறந்த ஊருக்குத் தீ வைத்தன. பிராண்டன்பர்க் பகுதி தன் மக்களில் ஏறக்குறையப் பாதிப்பேரை இழந்தது என்பது பொதுவான கணிப்பு. வாளால் இறந்தவர்களைவிடப் பஞ்சத்தாலும் கொள்ளைநோயாலும் இறந்தவர்களே மிகுதி.

விட்டன்பர்க்கில் இறையியல் கற்ற கெர்ஹார்ட், நாற்பதுகளின் தொடக்கத்தில் பெர்லினுக்கு வந்து ஒரு வழக்கறிஞர் குடும்பத்தில் வீட்டாசிரியராக இருந்தார். அங்கே நிக்கோலாய் ஆலயத்தின் இசைத்தலைவராக யோஹான் க்ரூகர் இருந்தார். கெர்ஹார்ட்டின் கவிதைகள் பாடல்களாக மாறியது இந்த நட்பினால்தான். க்ரூகர் தொகுத்த பாட்டுப் புத்தகத்தின் 1647ஆம் ஆண்டுப் பதிப்பில் கெர்ஹார்ட்டின் பாடல்கள் பதினெட்டு இடம்பெற்றன. 1653ஆம் ஆண்டுப் பதிப்பில் அவை எண்பத்திரண்டாகப் பெருகின. அவருக்கு முதல் திருப்பணி கிடைத்ததோ 1651இல்தான், நாற்பத்து நான்காம் வயதில், பெர்லினுக்கு அருகேயுள்ள மிட்டன்வால்டே என்ற ஊரில்.

1653இல் வெளியான பாடல்களில் ஒன்று, கோடைக்காலத்தைப் பாடும் பதினைந்து பத்திகள் கொண்ட நெடும்பாடல். ஜெர்மன் பேசும் நாடுகளில் திருச்சபைக்கு வெளியிலும் அது இன்றுவரை பாடப்படுகிறது. அதில் கவிஞர் தன் நெஞ்சை விளித்து, வெளியே போய் மகிழ்ச்சியைத் தேடு என்று ஏவுகிறார். நமக்கு இது பழகிய முறைதான். நெஞ்சொடு கிளத்தல் என்று திருக்குறளில் ஓர் அதிகாரமே இருக்கிறது. ஆனால் அந்த அதிகாரத்தில் நெஞ்சோடு பேசுபவள் பிரிவில் வாடும் தலைவி. கெர்ஹார்ட் தன் நெஞ்சை வாட்டத்திலிருந்து எழுப்புவதற்காகப் பேசுகிறார். மரங்கள், பூக்கள், வானம்பாடி, தன் குஞ்சுகளை வெளியே நடத்திவரும் கோழி, கூடு கட்டும் நாரை, ஓடை, ஆடுகளும் மேய்ப்பர்களும், தேனீக்கள், திராட்சைக்கொடி, கோதுமை என்று பட்டியல் நீள்கிறது.

முதல் வாசிப்பில் இது ஓர் எளிய இயற்கை வருணனையாகவே தோன்றும். ஆண்டை நினைவில் வைத்துக்கொண்டு வாசித்தால் வேறொன்று புலப்படும். போர் முடிந்து ஐந்தே ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. முப்பது ஆண்டுகளாக அந்த மண்ணில் ஒரு கோழி குஞ்சு பொரித்து வளர்த்து வெளியே கூட்டிவருவது அரிதான காட்சியாக இருந்திருக்கும். வழிப்போக்கான படை எதுவாயினும் முதலில் பிடித்துத் தின்றது கோழியைத்தான். ஆடு மேய்கிறது என்றால் கொள்ளையர் இல்லை என்று பொருள். கோதுமை தழைக்கிறது என்றால் விதைத்தவன் ஓடிப்போகாமல் அங்கேயே இருக்கிறான் என்று பொருள். கெர்ஹார்ட் காட்டும் காட்சி ஒவ்வொன்றும் அமைதி திரும்பிவிட்டதற்கான தடயம். இழந்ததை எண்ணி முடித்தவனால் மட்டுமே மீண்டதை இப்படி ஒவ்வொன்றாக எண்ண முடியும்.

பாடலின் நடுவில் ஒரு திருப்பம். படைப்பு முழுதும் பாடும்போது நான் மட்டும் சும்மா இருக்க இயலவில்லை என்கிறார். பூமியே இவ்வளவு அழகென்றால் கிறிஸ்துவின் தோட்டம் எப்படியிருக்கும் என்று ஏங்குகிறார். ஆனால் அந்தத் தோட்டத்தின் பொருட்டு இந்தப் பூமியை இழிவாகப் பேசுவதில்லை. மறுமையை உயர்த்துவதற்காக இம்மையைத் தாழ்த்துவது சமயக் கவிதைகளில் அடிக்கடி நேரும் பிழை. கெர்ஹார்ட்டிடம் கோழியும் கோதுமையும் பொய்யாவதில்லை. அவை ஒரு பெரிய விருந்தின் முன்சுவை ஆகின்றன.

* * *

கெர்ஹார்ட்டைப் பற்றிப் பேசுபவர்கள் வழக்கமாக ஒரு வரிசையில் சொல்வார்கள்: குழந்தைகளை இழந்தார், மனைவியை இழந்தார், அந்தத் துயரத்திலிருந்து இத்தகைய பாடல்கள் பிறந்தன. உருக்கமான கதைதான். ஆனால் ஆண்டுகள் அதற்கு இடம் தருவதில்லை. கோடைப்பாடல் 1653இல் வெளிவந்துவிட்டது. வருத்தத்துக்கு நான் ஏன் இடம் கொடுக்க வேண்டும் என்று கேட்கும் இன்னொரு புகழ்பெற்ற பாடலும் அதே ஆண்டினது. அவருடைய திருமணமோ 1655இல்தான் நடந்தது. வீட்டாசிரியராக இருந்த குடும்பத்தின் மகள் அன்னா மரியாவை மணந்தார். முதல் பெண் குழந்தை ஒரு வயது நிறையும் முன்பே 1657இல் இறந்தது. மிட்டன்வால்டே ஆலயத்தில் அக்குழந்தைக்கு ஒரு நினைவுப்பலகை வைத்தார்கள். வாழ்நாள் குறுகியது, துன்பம் நிறைந்தது என்று முதிய யாக்கோபு பார்வோனிடம் சொன்ன சொற்களை அதில் பொறித்தார்கள். பச்சிளங்குழந்தையின் பலகையில் ஒரு கிழவரின் சலிப்பு! மகிழ்ச்சியின் கவிஞர் தன் துயரத்தை மூடி மறைக்கவில்லை என்பதற்கு அந்தப் பலகையே சான்று. பிறந்த ஐந்து குழந்தைகளில் ஒரு மகன் மட்டுமே எஞ்சினான்.

1657இல் பெர்லின் நிக்கோலாய் ஆலயத்துக்கே குருவாக வந்தார். அங்கும் நிம்மதி நீடிக்கவில்லை. பிராண்டன்பர்க் ஆட்சியாளரான பிரடரிக் வில்ஹெல்ம், லூத்தரன் சபையினரும் சீர்திருத்தச் சபையினரும் பிரசங்க மேடையிலிருந்து ஒருவரையொருவர் தாக்கக்கூடாது என்று ஆணையிட்டு, குருமாரிடம் உறுதிக் கையொப்பம் கேட்டார். கெர்ஹார்ட் மறுத்தார். 1666இல் பதவி நீக்கப்பட்டார். பெர்லின் நகரத்தார் அவருக்காக மனுக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு, கையொப்பமின்றியே திரும்பிவரலாம் என்று அரசர் இறங்கிவந்தார். ஆணையின் உட்கருத்துக்கு அவர் கட்டுப்படுவார் என்ற எதிர்பார்ப்பு அதில் தொக்கி நின்றது. தன் மனச்சாட்சி அதற்கு இசையாது என்று சொல்லிக் கெர்ஹார்ட் பதவியை ஏற்கவில்லை.

இன்றைய கண்ணுக்கு இந்த நிகழ்ச்சி சங்கடமானது. அரசர் கேட்டது சகிப்புத்தன்மை. மறுத்தவரோ எல்லாச் சபையினரும் பின்னாளில் மனம் நிறைந்து பாடிய பாடல்களை எழுதியவர். அவரைப் புனிதராக்க விரும்புபவர்கள் இந்த இடத்தை விரைந்து கடந்துவிடுகிறார்கள். நாம் கடக்க வேண்டியதில்லை. பாடல் பெரும்பாலும் பாடியவரைவிடப் பெரியதாகவே இருக்கிறது. அதே வேளையில், மகிழ்ச்சியைப் பாடியவர் எளிதில் வளையும் மனிதர் அல்லர் என்பதும் இங்கே தெரிகிறது. மனச்சாட்சிக்காகச் சோற்றை இழக்க அவர் ஆயத்தமாக இருந்தார்.

1668இல் அன்னா மரியா இறந்தார். அடுத்த ஆண்டு கெர்ஹார்ட் எஞ்சிய மகனோடு லூபென் என்ற சிற்றூருக்குப் போனார். அங்கே 1676இல் இறந்தார். சாவுப்படுக்கையில் அவர் தன் சொந்தப் பாடல் ஒன்றின் பத்தியைச் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது மரபுவழிச் செய்தி. அது நான் மேலே குறிப்பிட்ட, வருத்தத்துக்கு இடம்கொடுக்க மறுக்கும் 1653ஆம் ஆண்டுப் பாடல். லூபென் ஆலயத்திலுள்ள அவருடைய ஓவியத்தின் கீழ், சாத்தானின் சல்லடையில் சலிக்கப்பட்ட இறையியலாளர் என்ற பொருள்பட லத்தீனில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

வரிசையைத் திருத்திச் சொன்னால் கதையின் பொருளே மாறிவிடுகிறது. நாடு பட்ட பெருந்துயரத்தைக் கண்டபின் அவர் மகிழ்ச்சியைப் பாடினார். தன் வீட்டுத் துயரங்களோ அதற்குப் பிறகே வந்தன. வந்தபோது, தான் முன்பு எழுதியது மெய்தானா என்று வாழ்ந்து பார்க்க வேண்டியவரானார். பாடலை அவர் வாழ்க்கையே சோதித்தது. உழவர்கள் பஞ்சத்திலும் கைவைக்காமல் குதிரில் போட்டு வைக்கும் விதைநெல்லைப் போல, அவர் நல்ல நாட்களில் சேர்த்து வைத்த மகிழ்ச்சி அது.

* * *

அந்த விதைநெல் நம்முடைய கரைக்கும் வந்து சேர்ந்தது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கும் அவர் வழிவந்தவர்களும் ஜெர்மானியப் பாடல்களைத் தமிழில் ஆக்கி, அதே மெட்டுகளில் பாட வைத்தார்கள். அவர்களுள் மொழித்திறத்தால் சிறந்தவர் யோஹான் பிலிப் பப்ரிசியுஸ். 1740இல் தரங்கம்பாடியில் இறங்கி, 1742 முதல் சென்னையில் வாழ்ந்தவர். தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பாலும் 1779இல் வேப்பேரியில் அச்சான தமிழ்–ஆங்கில அகராதியாலும் நம் இலக்கிய வரலாற்றில் நிலைத்தவர். ஜெர்மானியப் பாடல்களைப் பெருமளவில் தமிழாக்கியவரும் அவரே. கெர்ஹார்ட்டின் பாடுகளின் பாடல், பாஹ் தன் ‘மத்தேயு பாடுகள்’ இசைப்படைப்பில் திரும்பத் திரும்பப் பயன்படுத்திய அதே பாடல், இன்றும் தமிழ்ச் சபைகளில் தவக்காலத்தில் ஒலிக்கிறது.

பப்ரிசியுஸின் முடிவு துயரமானது. சபையின் பணத்தை நம்பத் தகாதவர்களிடம் கடனாகக் கொடுத்து, அது மூழ்கிப்போக, முதுமையில் கடனுக்காகச் சிறை சென்றார். 1791இல் இறந்தார். கடவுளைப் பாடிய குரல்கள் ஏன் இத்தனை முறை சிறைக் கதவுகளுக்குப் பின்னால் போய் நிற்கின்றனவோ தெரியவில்லை.

* * *

1943 ஏப்ரல் 5ஆம் நாள் டீட்ரிஷ் போன்ஹோஃபர் பெர்லினில் கைது செய்யப்பட்டு, தேகெல் ராணுவச் சிறையில் அடைக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது முப்பத்தேழு. ஹிட்லரின் ஆட்சிக்குப் பணிந்துபோக மறுத்த சபைப் பிரிவின் முன்னணி இறையியலாளர். ஹிட்லரை அகற்ற முயன்ற குழுவோடு தொடர்புடையவர். அந்த மாதமே பெற்றோருக்கு எழுதிய கடிதத்தில், மனப்பாடமாகத் தெரிந்த கெர்ஹார்ட் பாடல்கள் தனக்குத் துணையாக இருப்பதை எழுதுகிறார். அவர் தந்தை புகழ்பெற்ற மனநல மருத்துவப் பேராசிரியர். ஆலயத்துக்கு அதிகம் போகாத குடும்பம். பிள்ளைகள் பாடல்களைக் கற்றது தாயிடமும், மொராவியச் சகோதரர் சபை மரபில் வந்த வீட்டாசிரியையிடமும்தான். குழந்தைப் பருவத்தில் பொருள் அறியாமல் நெட்டுருப் போட்ட வரிகளின் பொருள் முப்பது ஆண்டுகள் கழித்து ஒரு சிறையறையில் திறந்தது.

அவ்வாண்டு கிறிஸ்துமஸை ஒட்டி நண்பர் எபர்ஹார்ட் பெத்கேக்கு எழுதியபோது, மாட்டுத்தொழுவத்தின் முன் நிற்பதைப் பாடும் கெர்ஹார்ட்டின் பாடலைத் தான் இப்போதுதான் கண்டடைந்ததாகச் சொல்கிறார். இதற்கு முன் அதைப் பெரிதாக எண்ணியதில்லை. நெடுநாள் தனித்திருந்து மெல்ல வாசித்தால்தான் அது உள்ளே இறங்கும் என்பது அவர் கருத்து. அப்போது பெர்லின் மீது குண்டுகள் விழுந்துகொண்டிருந்தன. சிறைப்பட்டோர் பூட்டிய அறைகளுக்குள் கிடந்தார்கள். அவர்களுக்காகப் போன்ஹோஃபர் காலை, மாலை மன்றாட்டுகளை எழுதிக்கொடுத்தார்.

சிறைக்கடிதங்களில் மகிழ்ச்சியைப் பற்றி அவர் சொல்வதில் பக்தி மொழி குறைவு. மனைவியின் அணைப்பில் இருப்பவன் அந்த நேரத்தில் மறுமைக்கு ஏங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நல்ல ரசனை ஆகாது என்று எழுதுகிறார். இவ்வுலக இன்பத்தைக் கடவுள் தரும்போது அதை முழுமையாக ஏற்பதே நன்றி என்பது அவர் துணிபு. 1944 மே மாதத்துக் கடிதமொன்றில் இசையிலிருந்து ஓர் உவமை எடுக்கிறார். பல குரலிசையில் ஓர் ஆதார மெட்டு உறுதியாக நின்றால், மற்றக் குரல்கள் அஞ்சாமல் எவ்வளவு தொலைவும் விரிந்து செல்லலாம். கடவுள்மீதான அன்பு அந்த ஆதார மெட்டு, மண்ணுலக அன்புகள் அதனோடு இழையும் பிற குரல்கள். முழுதும் பொருந்தாது என்றாலும், நாம் தம்பூராவின் சுருதியை நினைத்துக்கொள்ளலாம். கெர்ஹார்ட்டின் கோழியும் கோதுமையும் கிறிஸ்துவின் தோட்டமும் ஒரே பாடலில் ஒன்றையொன்று அழிக்காமல் நின்றதன் விளக்கம் இதுவே.

ஆனால் போன்ஹோஃபர் எல்லாப் பாடல்களையும் வாழ்த்தியவர் அல்லர். அவருடைய நாட்டின் ஆலயங்களில் பாட்டுக்கு எப்போதும் குறைவிருந்ததில்லை. யூதர்கள் வேலையிலிருந்தும் வீடுகளிலிருந்தும் துரத்தப்பட்ட ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஆர்கன் ஒலித்தது, நல்ல குடிமக்கள் நல்ல பாடல்களைப் பாடினார்கள். யூதர்களுக்காகக் குரல் எழுப்புபவனுக்கே வழிபாட்டில் இசைபாட உரிமை உண்டு என்ற பொருளில் முப்பதுகளில் அவர் தன் மாணவர்களிடம் சொன்னதாகப் பெத்கே நினைவுகூர்ந்திருக்கிறார். இக்கட்டுரையின் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இதைவிடக் கூர்மையான விடையை நான் அறியேன். அண்டை வீட்டானின் அழுகுரல் காதில் விழாதபடி சத்தமாகப் பாடினால் அது மதுவின் களிப்புத்தான், வேறு பெயரில். அழுகுரலைக் கேட்ட பிறகும், அதற்காகத் தன்னால் ஆனதைச் செய்த பிறகும் நெஞ்சில் எஞ்சி நிற்கும் பாட்டையே களிகூர்தல் எனலாம்.

1944 ஜூலையில் ஹிட்லரைக் கொல்லும் முயற்சி தோற்றது. அக்டோபரில் போன்ஹோஃபர் கெஸ்டபோவின் நிலவறைச் சிறைக்கு மாற்றப்பட்டார். அந்த டிசம்பரில், மணம் முடிக்க நிச்சயித்திருந்த மரியாவுக்கு எழுதிய கடிதத்தோடு ஒரு கவிதையை அனுப்பினார். நல்ல ஆற்றல்கள் தன்னைச் சூழ்ந்து காக்கின்றன என்ற அமைதியோடு புத்தாண்டை எதிர்கொள்ளும் கவிதை. துயரத்தின் கசப்பான கிண்ணம் வந்தாலும் பெறுவேன் என்னும் அதே மூச்சில், மீண்டும் இவ்வுலகின் மகிழ்ச்சியும் கதிரவனின் ஒளியும் கிடைக்குமானால் அதையும் பெறுவேன் என்கிறது. 1945 ஏப்ரல் 9ஆம் நாள் ஃப்ளோசன்பியூர்க் முகாமில் அவர் தூக்கிலிடப்பட்டார். போர் முடிய ஒரு மாதமே இருந்தது.

* * *

கெர்ஹார்ட் பணியாற்றிய பெர்லின் நிக்கோலாய் ஆலயமும் அந்தப் போரின் குண்டுகளால் சிதைந்தது. நெடுங்காலம் கூரையற்ற இடிபாடாக நின்று, 1987இல் மீண்டும் கட்டி முடிக்கப்பட்டு, அருங்காட்சியகமாக ஆயிற்று. ஒரு போரின் முடிவில் பாடல்கள் பிறந்த இடத்தை இன்னொரு போர் இடித்துப்போட்டது. பாடல்கள் அந்தக் கட்டடத்தைச் சார்ந்திருக்கவில்லை. போன்ஹோஃபரின் நிலவறைக் கவிதை பின்னர் மெட்டுப் பெற்றுப் பாடலாகி, கெர்ஹார்ட்டின் பாடல்கள் உள்ள அதே ஜெர்மானியப் பாட்டுப் புத்தகத்தில் இடம்பிடித்தது. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் விதைத்ததை உண்டு உயிர் தரித்தவர், தன் பங்குக்கு ஒரு பிடி விதையை மீண்டும் குதிரில் போட்டுவிட்டுப் போனார்.

நம்பிக்கை உள்ளவர்கள் இதைக் கடவுளின் கொடை என்பார்கள். அந்த நம்பிக்கை இல்லாத வாசகருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு என்றே எண்ணுகிறேன். நல்ல நாளில் குழந்தைகளுக்கு மனப்பாடமாக நாம் எதைக் கொடுக்கிறோம்? இருண்ட அறையில், புத்தகமோ விளக்கோ இல்லாத இரவில், அவர்களுடைய நெஞ்சு தானாக எடுத்துச் சொல்லிக்கொள்ள எந்த வரிகள் இருக்கும்? தங்கள் வீட்டுப் பிள்ளைக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த அந்தத் தாய்க்கும் வீட்டாசிரியைக்கும் தேகெல் சிறையைப் பற்றி எதுவும் தெரிந்திருக்க வழியில்லை.